எரிமலைப் பூங்கா முதல் குரங்கணி வரை: மலைப் பாதையை 'மூடு' என்று யார் சொல்வது?

ஹவாய் தீவின் கிலாவியா எரிமலையில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு, விட்டு விட்டு நெருப்புக் குழம்பை நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. அதன் எதிரே, பாதுகாப்பான தொலைவில், தேசியப் பூங்காவின் நடைபாதையில் நின்று மக்கள் கூட்டமாகப் படமெடுக்கும் ரீல்ஸ் உலகம் முழுக்கச் சுற்றின. தல்லாகுளத்தில் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறவருக்கும் "மச்சான், இங்கெல்லாம் ஒரு தடவை போயிரணும்டா" என்று தோன்றும்.

ஹவாய் தூரம். ஆனால் குரங்கணி, மேகமலை, சிறுமலை, சதுரகிரி எல்லாம் சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு அகல ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, மதுரையிலிருந்து குரங்கணி அடிவாரம் இன்னும் பக்கமாகிவிட்டது.

ஒரு பக்கம் நெருப்பைக் கக்கும் எரிமலை, ஆயிரக்கணக்கானோர் பத்திரமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இன்னொரு பக்கம் பார்ப்பதற்குச் சாதுவான புல் மலை, 2018-ல் 23 உயிர்களைப் பறித்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மலையின் குணத்தைவிட, அந்தப் பாதையை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவருக்குத் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

முதலில்: நம்ம ஊர் மலைகளில் எரிமலை உண்டா?

இல்லை. யானைமலையோ அழகர்மலையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதியோ எரிமலைக் குழம்பு கொட்டி உருவானவை அல்ல. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேல்மண் அரித்துப் போன பின் வெளியே தெரியும் மிகப் பழைய பாறைகள் அவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

எரிமலைப் பாறை மலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மகாராஷ்டிராவுக்குப் போக வேண்டும். மும்பை நகருக்குள்ளேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பாறைகள் எரிமலை தந்தவைதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணப் பகுதியில் அடுக்கடுக்காகக் கொட்டிய குழம்பின் மிச்சம் அது.

அந்தக் குழம்பு வந்த ஊற்று இன்றும் அணையவில்லை. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. பூமிக்குள் இருந்த வெப்பப் புள்ளி மட்டும் பின்தங்கி, இப்போது மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது என்பதே புவியியலாளர்களின் பரவலான விளக்கம். இன்னொரு வகையிலும் நமக்கு உறவுள்ள தீவு அது. பிரான்ஸின் ஆட்சியில் இருக்கும் இங்கே 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகம், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களின் வாரிசுகள் 'மலபார்' என்ற பெயரில் அங்கே இருக்கிறார்கள். கோயில்களும் தீமிதியும் தொடர்கின்றன.

ரீயூனியனில் எரிமலைக்கு 'கேட்' எப்படி வேலை செய்கிறது?

மதுரை மாவட்டத்தைவிடச் சிறிய தீவு. அதில் 40 சதவீதத்துக்கும் மேல் தேசியப் பூங்கா. 2007-ல் அறிவிக்கப்பட்டது, 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நடைபாதைகள் உண்டு. மஃபாத் என்ற பள்ளத்தாக்கில் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர்.

இங்கேதான் 2,632 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலை இருக்கிறது. உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஒரே ஆண்டில் சில முறை வெடித்ததும் உண்டு. ஆனாலும் அதன் உச்சி வரை நடந்து போகப் பாதை இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்?

*முதல் கண்ணி, கவனிப்பவர்.* 1977-ல் குழம்பு ஒரு கிராமத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகு 1979-ல் எரிமலைக்கென்றே ஒரு கண்காணிப்பு மையம் அமைக்கப்பட்டது. நில அதிர்வு, நிலம் உப்புவது, வாயுக்களின் அளவு என எல்லாவற்றையும் அது இரவு பகலாகப் பார்க்கிறது.

*இரண்டாவது, முடிவெடுப்பவர்.* மையம் சொன்னதும் தீவின் நிர்வாகத் தலைவர் (நம் ஊர்க் கணக்கில் கலெக்டர் மாதிரி) எச்சரிக்கை நிலையை அறிவிப்பார். எந்த நிலைக்கு எந்தப் பாதை மூடப்படும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கூடிப் பேசி, விவாதிக்க வேண்டியதில்லை.

*மூன்றாவது, கதவு.* உச்சிக்குப் போக, பள்ளமான ஒரு பெரிய வளாகத்துக்குள் படிகளில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் நிஜமாகவே ஒரு கேட் இருக்கிறது. வெடிப்பு நெருங்குகிறது என்றால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற்றப்படுவார்கள், கேட் பூட்டப்படும். நெருப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் வளாகத்துக்கு வெளியே, தூரத்தில் இருக்கும் மேட்டிலிருந்து பார்க்கலாம்.

*நான்காவது, நடப்பவர்.* திறந்திருக்கும் நாளிலும் கறுத்துக் கிடக்கும் குழம்புப் பாறைகளின் மேல் வெள்ளை பெயின்ட் அடையாளங்கள் வழிகாட்டும். மூடுபனி இறங்கினால் அதுதான் கதி.

புயல் வந்தாலும் இதே ஒழுங்குதான். பாதைகள் மூடப்படும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே திறக்கும். 'மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா' என்ற பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும்?

*மராபி, இந்தோனேசியா.* 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தது. 24 பேர் இறந்தார்கள். இந்த எரிமலை 2011 முதலே இரண்டாம் நிலை எச்சரிக்கையில்தான் இருந்தது. எரிமலைவாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று கண்காணிப்பு நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனால் இன்னொரு அரசு அலுவலகம் மலையேறுவதற்கு ஆன்லைனில் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. விஞ்ஞானி சொன்னது டிக்கெட் கவுண்டருக்குப் போய்ச் சேரவில்லை.

*வகாரி, நியூசிலாந்து.* 2019 நவம்பர் 18 அன்று எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டது. சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். தீவின் உரிமையாளர் நிறுவனம் குற்றம் செய்ததாக 2023-ல் தீர்ப்பு வந்தது. 2025-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்கே நடந்த சுற்றுலாவை அன்றாடம் கட்டுப்படுத்தியது அந்த நிறுவனம் அல்ல என்பது காரணம். இத்தனை பேர் இறந்த பிறகும் 'கேட் சாவி யார் கையில் இருந்தது' என்ற கேள்வி நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

*ஒன்டாகே, ஜப்பான்.* இது வேறு மாதிரி. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, இலையுதிர்கால அழகைப் பார்க்க மலையில் நிறையப் பேர். எச்சரிக்கை நிலை 1, அதாவது வழக்கமான நிலை. திடீரென வெடித்தது, இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 63 பேர். எவ்வளவு கவனித்தாலும் சில நேரம் மலை சொல்லாமல் செய்துவிடும் என்பதற்கு இது சாட்சி. கேட் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது என்ன?

தேனி மாவட்டம் போடி அருகே இருக்கும் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு குழு. திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்தவர்கள் இன்னொரு குழு. மொத்தம் 30-க்கும் மேற்பட்டோர். பலர் இளம் பெண்கள், ஐ.டி. ஊழியர்கள்.

9 பேர் மலையிலேயே இறந்தார்கள். முதலில் ஓடி வந்தது உள்ளூர் மக்கள். பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தார்கள். தீக்காயம் பட்டவர்கள் போடி, தேனி மருத்துவமனைகளுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். தல்லாகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனை அடுத்த சில நாட்களுக்குத் தமிழகமே பார்க்கும் இடமாக இருந்தது. சிகிச்சையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறக்க, எண்ணிக்கை 23 ஆனது.

தீ ஏன் அவ்வளவு வேகமாக வந்தது? மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கும். காய்ந்த புல் பற்றினால் மரம் எரிவதைப் போல மெதுவாக எரியாது. அதோடு, தீ மேடு நோக்கிப் போகும்போது அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினரின் பொதுக் கணக்கு. காற்றும் சேர்ந்துகொண்டால் மலையில் மூச்சிரைக்க ஏறும் மனிதரால் அதை முந்தவே முடியாது.

எரிமலையோடு ஒப்பிட்டால், குரங்கணியின் ஆபத்து மர்மமானதே அல்ல. ஒவ்வோர் ஆண்டும் எந்த மாதத்தில் காடு காயும், எங்கே புல் அதிகம் என்று வனத்துறைக்குத் தெரியும், தோட்டத் தொழிலாளிக்கும் தெரியும். அது தெரியாமல் போனது வெளியூரிலிருந்து பணம் கட்டி வந்தவர்களுக்கு மட்டுமே. அவர்கள் எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், எந்தப் பாதையில் போனார்கள் என்பதே பின்னர் பெரிய சர்ச்சையானது. அரசு விசாரணைக்கு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார்.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

2018-லேயே தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரிப்பது, பயிற்சி பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்பது போன்றவை எழுத்தில் வந்தன.

அடுத்த பெரிய மாற்றம் 2024 அக்டோபரில். வனத்துறையும் தமிழ்நாடு வனஅனுபவக் கழகமும் சேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கின. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, பழங்குடி மற்றும் உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள். மதுரைக்காரர்களுக்கு வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி அருவியை ஒட்டிய பாதையும், தேனியில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் இதில் உண்டு. 23 பேர் இறந்த அதே குரங்கணி இப்போது அரசின் பட்டியலில் இருக்கிறது.

காட்டுத்தீ பருவம் என்பதால் 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தப் பாதைகள் மூடப்பட்டன. ரீயூனியன் கேட்டின் தமிழ் வடிவம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே மூடுவது கருவி சொல்வதை வைத்து. இங்கே காலண்டரை வைத்து. ஏப்ரல் 16 காலையில் புல் பச்சையாகிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மழை தவறிய ஆண்டில் ஜனவரியிலேயே காடு காய்ந்துவிடும்.

கருவி இல்லாமலும் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீ தெரியும் இடங்களைக் கண்டுபிடித்து வனத்துறையினருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்து அதைப் பெறலாம். நாசாவின் தீ வரைபடத்தைப் போனிலேயே பார்க்கலாம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரு நாளில் சில முறைதான் தலைக்கு மேலே கடக்கின்றன. இரண்டு கடப்புகளுக்கு நடுவே ஒரு புல்சரிவு முழுவதும் எரிந்து முடிந்துவிடும். அதனால் மலையில் நிற்கும் தீத்தடுப்புக் காவலரின் கண்ணும் வயர்லெஸ்ஸும் இன்னும் முக்கியமானவை. அவர் பார்த்த புகை, அன்று காலை பாதையில் இறங்கிய குழுவின் வழிகாட்டிக்கு எத்தனை நிமிடத்தில் தெரியும் என்பதுதான் உண்மையான பாதுகாப்பு அளவுகோல்.

கேட் நமக்குப் புதுசா?

இல்லை. மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கேட் ஒன்று உண்டு: சதுரகிரிக்குப் போகும் தாணிப்பாறை. 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். இன்று மழை என்றாலோ காட்டில் தீ என்றாலோ வனத்துறை அங்கே நிறுத்திவிடுகிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார்" என்று கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், கடைசியில் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்திலும் கோரிப்பாளையத்திலும் போலீஸ் தடுப்பு வைத்தால் சுற்றிப் போகிற ஊர் இது. ஏன் மூடுகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் ஒத்துழைப்பார்கள்.

சிக்கல் வருவது ஒரே மலைக்குப் பல வாசல் இருக்கும்போது. கொழுக்குமலை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக வருகிறது. குரங்கணி அடிவாரத்தில் கேட் போட்டால் மேலிருந்து இறங்குகிறவரை அது தடுக்காது. இரண்டு மாநில வனத்துறைகளும் ஒரே நேரத்தில் மூடினால்தான் மலை மூடியதாக அர்த்தம்.

கோவை வெள்ளியங்கிரியில் வேறொரு முரண். ட்ரெக்கிங் நிறுத்தப்படும் அதே பிப்ரவரி முதல், பக்தர்கள் ஆறு மலை தாண்டி ஏழாவது மலைக்கு ஏறுவது மே வரை நடக்கிறது. அங்கே ஏறும்போது மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறப்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. காய்ந்த காடும் செங்குத்துப் பாதையும் பக்தர், சுற்றுலாப் பயணி என்று ஆள் பார்ப்பதில்லை. பக்திப் பயணத்தை நிறுத்துவது எளிதல்ல. ஆனால் எத்தனை பேர், எந்த நேரம், என்ன உடல்நிலைப் பரிசோதனை என்ற கேள்விகள் அங்கும் பொருந்தும்.

மூடினால் யாருக்கு நஷ்டம்?

2018-ல் கிலாவியா பொங்கியபோது ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி 134 நாட்கள் மூடப்பட்டது. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பெரிய அமைப்பால் அதைத் தாங்க முடிந்தது.

நம் ஊரில் மலையேற்றம் நடந்தால்தான் வழிகாட்டிக்குக் கூலி என்றால், புகை தெரியும் நாளிலும் "பரவாயில்ல, போயிரலாம் சார்" என்று சொல்லத்தான் தோன்றும். பணம் திரும்பக் கிடைக்காது என்றால், டிக்கெட் வாங்கியவரும் "வந்தது வந்தாச்சு" என்பார். ஏற்பாட்டாளருக்கும் வேன் வாடகை போய்விட்டது. மூன்று பேரும் ஒரே திசையில் தள்ளுகிறார்கள்.

இதை உடைக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். பாதை மூடப்பட்ட நாளிலும் வழிகாட்டிக்கு வருமானம். தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பாதை பராமரிப்பு போன்ற வேலைகள் அதே பருவத்தில்தான் தேவைப்படுகின்றன. இரண்டாவது, கடைசி நேரத்தில் ரத்தானால் கேள்வி கேட்காமல் முழு ரீஃபண்ட். பாதுகாப்பு உபகரணங்களை ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை. ஆனால் இது இல்லாமல் கேட்டைப் பூட்டச் சொன்னால், யாராவது பக்கத்துப் புதரில் வழி கண்டுபிடிப்பார்கள்.

நீங்கள் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. அனுமதி எந்தப் பாதைக்கு? 'குரங்கணிக்குப் பர்மிஷன் இருக்கு' என்பது போதாது. எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று எழுத்தில் பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அழைக்கிறவரிடம் இந்தக் காகிதத்தைக் கேட்பதில் தப்பே இல்லை.

2. காலையில் கடைசியாக யார் 'ஓகே' சொல்வார்? பெயர் தெரிந்த ஒரு வனத்துறை அலுவலர் இருக்க வேண்டும். ஏற்பாட்டாளரே எல்லா முடிவும் எடுப்பதாக இருந்தால் யோசியுங்கள்.

3. நடுவில் வெளியேறும் வழி எங்கே? பாறைத் திட்டு, ஓடை, தோட்டச் சாலை என எதுவும் தெரியாத வழிகாட்டியோடு போகாதீர்கள்.

4. மழையே இல்லாமல் எத்தனை நாளாச்சு? பருவத் தடை முடிந்துவிட்டாலும் புல் காய்ந்திருந்தால் வேறு மலை பாருங்கள்.

5. என்ன உடை? பாலியெஸ்டர், நைலான் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். வறண்ட காலத்தில் கனமான பருத்தி உடை நல்லது.

தீயைப் பார்த்துவிட்டால் மேடு நோக்கி ஓடக் கூடாது. தீ உங்களைவிட வேகமாக ஏறும். குறுகிய பள்ளத்துக்குள் இறங்குவதும் ஆபத்து. அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். வெறும் பாறை, செடியில்லாத ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை ஆகியவைதான் ஓரளவு பாதுகாப்பான இடங்கள். குழுவை விட்டுப் பிரியாதீர்கள்.

குரங்கணி – சாம்பலாறு பாதையில் இன்று போகிறவருக்கு 2018-ல் போனவர்களுக்கு இல்லாத பல விஷயங்கள் கிடைக்கின்றன: பட்டியலில் இருக்கும் பாதை, பயிற்சி பெற்ற வழிகாட்டி, தடை செய்யப்பட்ட பருவம். இன்னும் பாக்கி இருப்பது, அனுமதிக்கப்பட்ட ஒரு நாளில் மலையில் புகை கிளம்பினால் அந்தத் தகவல் டிக்கெட் வாங்கியவரின் போனுக்கு அவர் மதுரையில் வேன் ஏறுவதற்கு முன்பே வருவது. அடுத்த பிப்ரவரிக்குள் வனத்துறை பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.